கம்பெத்தா விலைபோனாரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். எங்கள் நகராட்சித் தேர்தலில் ஒரு வார்டில் நிற்கச் சொல்லி ஒரு கட்சியில் கேட்கிறார்கள். முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன்.

பிரெஞ்சு வழக்கறிஞர் லியோன் கம்பெத்தாவைப் பற்றிச் சமீபத்தில் படித்தேன். முப்பது வயதில் ஒரே வழக்கில் பேரரசரையே கூண்டில் ஏற்றியவர். மறுவருடம் பாரிஸின் பெல்வில் பகுதித் தொழிலாளர்களுக்கு அத்தனை வாக்குறுதிகள் கொடுத்தவர். ஆறே ஆண்டுகளில் மன்னராட்சிக்காரர்கள் எழுதிய அரசியல் சட்டத்துக்குக் கைதூக்கினார். கடைசியில் பிரதமரானபோது மூன்று மாதம்கூட நிற்க முடியவில்லை. படித்து முடித்ததும் வெறுமையாக இருந்தது. விலைபோன மனிதர் என்றே தோன்றியது. வழக்கறிஞர்கள் அரசியலுக்குப் போனால் கடைசியில் எல்லாரும் தரகர்கள்தான் ஆகிறார்களா? நானும் அப்படித்தான் ஆவேனா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவருடைய காதலி லியோனி லியோன்தான் அவரைச் சுட்டார் என்கிறார்களே, உண்மையா?

எம்.

அன்புள்ள எம்,

தேர்தலில் நில்லுங்கள். ஒரு நகராட்சி வார்டுக்கு இத்தனை ஆன்ம பரிசோதனை தேவையில்லை. எந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி வருவதில்லை, எந்தக் குழாயில் தண்ணீர் ஏறுவதில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் தொடங்கிவிடலாம். மற்றதை உள்ளே போய்க் கற்றுக்கொள்வீர்கள்.

லியோனி லியோன் விஷயம். 1882 நவம்பர் இறுதியில், வில்-தாவ்ரே வீட்டில் கைத்துப்பாக்கியைக் கையாளும்போது குண்டு வெடித்துக் கம்பெத்தாவின் கையில் காயம்பட்டது. அந்தக் காயம் ஆறிவந்தது. அவரைக் கொன்றது அடிவயிற்றில் வந்த அழற்சி. மருத்துவர்கள் கத்தி வைக்கத் தயங்கினார்கள், டிசம்பர் 31 இரவு இறந்துபோனார். பத்து ஆண்டுகள் அவருடன் அரசியல் பேசி, அவருக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதிய பெண்ணைக் கொலைகாரி ஆக்கியது அன்றைய வதந்திப் பத்திரிகைகள். நீங்கள் சட்டம் படித்தவர். சாட்சியம் இல்லாத குற்றச்சாட்டை எனக்குக் கேள்வியாக்கி அனுப்பாதீர்கள்.

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தது நடுவில் இருக்கும் அந்த ஒரு வரிக்காக. விலைபோன மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள். சில மாதங்களாக நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் என் தந்தை. கம்பெத்தா பிறகுதான் வந்தார்.

என் தந்தை கைத்தறி நெசவாளர். எழுபதுகளில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளராக இருந்தார். சேலைக்கு இரண்டு ரூபாய் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. முதலாளிகள் பாவு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தெருவில் தறிச் சத்தம் இல்லாத வாரங்கள் எப்படி இருக்கும் என்பது அந்தத் தெருவில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில் எழுபத்தைந்து காசுக்கும், மறுவருடம் மீண்டும் பேசலாம் என்ற ஒரு வரிக்கும் என் தந்தை கையெழுத்திட்டார். அன்று மாலையே அவரைத் துரோகி என்றார்கள். முதலாளியிடம் பணம் வாங்கிவிட்டார் என்று பேச்சு எழுந்தது. என் அக்கா திருமணத்துக்குத் தெருவில் பாதிப் பேர் வரவில்லை. மீதமிருந்த ஒன்றேகால் ரூபாய் முழுமையாக வரவே இல்லை. ஆனால் தறிகள் ஓடின. மறுவருடப் பேச்சு என்ற அந்த வரியைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கம் வருடாவருடம் முதலாளிகளின் எதிரே போய் உட்கார்ந்தது. அவர் இருந்தவரை இதைப் பற்றி ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை. அதனால்தான் உங்கள் வரி என்னைச் சுட்டது. உங்கள்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, அம்மா, ஆனால் உங்களை விட்டுவிடும் எண்ணம் இல்லை.

இனி கம்பெத்தாவுக்கு வருகிறேன். அவரைப் பற்றிப் படிப்பவர்கள் எல்லாரும் ஒரே மூன்று காட்சிகளில் நின்றுவிடுகிறார்கள். முதலாவது ஒற்றைக் கண். தெற்கே காஓரில் மளிகைக்கடை வைத்திருந்த ஜெனோவா பக்கத்து இத்தாலியரின் மகன், சிறுவயது விபத்தில் வலக்கண்ணை இழந்தவன். இரண்டாவது பொதேன் வழக்கு. மூன்றாவது பலூன். நீங்களும் அங்கேயேதான் நிற்கிறீர்கள்.

பொதேன் வழக்கின் அருமையை நான் குறைக்கவில்லை. 1851 டிசம்பரில், பின்னாளில் பேரரசரான லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவிழ்த்தபோது, அதை எதிர்த்துத் தெருத்தடுப்பில் நின்று சுடப்பட்டு இறந்த மக்களவை உறுப்பினர் பொதேன். அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்ப நிதி திரட்டியதற்காக 1868 நவம்பரில் பத்திரிகை ஆசிரியர் டெலெக்ளூஸ் மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். டெலெக்ளூஸுக்காக நின்றவர் கம்பெத்தா. மூத்த வழக்கறிஞர் க்ரெமியேவிடம் செயலாளராக இருந்து வளர்ந்தவர், அதுவரை பெரிய பெயர் இல்லாதவர். பதினேழு ஆண்டுகளாக இந்த நாட்டை ஆள்கிறீர்களே, நீங்கள் ஆட்சியைப் பிடித்த அந்த டிசம்பர் 2ஆம் தேதியைத் தேசிய விழாவாகக் கொண்டாட ஒருமுறையாவது துணிந்தீர்களா என்று கேட்டார். நீங்கள் கொண்டாடாத நாளை இறந்தவர்களின் நாளாக நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றார். அரசு வழக்கறிஞர் குறுக்கிட்டுப் பார்த்தும் அந்தக் குரலை அடக்க முடியவில்லை. ஆனால் ஒரு வழக்கறிஞராக நீங்கள் கவனிக்க வேண்டியது தீர்ப்பை. டெலெக்ளூஸுக்கு ஆறு மாதச் சிறையும் 2,000 பிராங்க் அபராதமும் கிடைத்தன. கட்சிக்காரர் சிறைக்குப் போனார், வழக்கறிஞர் நாடு முழுவதும் புகழ்பெற்றார். அந்த வாதம் நீதிபதிக்காகச் செய்யப்பட்டதே அல்ல, வெளியே நின்றவர்களுக்குச் செய்யப்பட்டது. அந்த நேரத்துக்கு அது சரி. ஆனால் எதிரே இருப்பவனைத் தன் பக்கம் இழுக்கும் கலையை அவர் அன்று இன்னும் கற்றிருக்கவில்லை.

மறுவருடம் பெல்வில் திட்டம். மதத்தையும் அரசையும் பிரிப்பது, இலவசக் கட்டாயக் கல்வி, நிரந்தரப் படையை ஒழிப்பது, அதிகாரிகளைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பது என்று நீண்ட பட்டியல். பெல்வில் மட்டுமல்ல, மார்செயும் அவரைத் தேர்ந்தெடுத்தது. அங்கே முன்னாள் பிரதமர் தியேரையே தோற்கடித்தார். வயது முப்பத்தொன்று.

பலூனை வேகமாகக் கடந்துவிடுகிறேன், அதைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது. 1870 அக்டோபர் 7 அன்று, பிரஷ்யப் படை சூழ்ந்த பாரிஸிலிருந்து மோன்மார்த் குன்றில் ஏறி, குண்டுகளுக்கு நடுவே பறந்து, தூர் நகருக்குப் போனார். பேரரசு வீழ்ந்து அமைந்த புதிய குடியரசு அரசில் அவர் உள்துறை அமைச்சர். அங்கே ஏற்கெனவே இருந்த அந்த அரசின் தூதுக்குழுவில் அவருடைய பழைய மூத்தவர் க்ரெமியேவும் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர். உள்துறையோடு போர்த்துறையையும் எடுத்துக்கொண்ட கம்பெத்தா, நான்கு மாதங்களில் லட்சக்கணக்கான ஆட்களைத் திரட்டி நிறுத்தினார். கூல்மியேயில் ஒரு வெற்றி, பிறகு தோல்விகள். 1871 ஜனவரி 28 அன்று வெர்சாயில் மற்றொரு வழக்கறிஞர் ழூல் ஃபாவ்ர் பிரஷ்யாவின் பிஸ்மார்க்கிடம் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டார். கிழக்குப் பகுதிப் படைக்கு அது பொருந்தாது என்ற செய்தி தூதுக்குழுவுக்குச் சொல்லப்படவே இல்லை. அதன் விலையாக ஒரு முழுப் படை பனியில் சுவிட்சர்லாந்துக்குள் ஒதுங்கி ஆயுதத்தைக் கீழே வைத்தது. ஃபாவ்ரை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. எதிராளியின் வரைவைக் கடைசிப் பத்திவரை வாசித்து, அது யார் யாரைக் கட்டும் என்பதை உடனே உரியவர்களுக்குத் தெரிவிப்பது வழக்கறிஞனின் முதல் கடமை.

அந்தக் குளிர்காலம் முடிந்ததும் கம்பெத்தா தோற்ற மனிதர். பிப்ரவரியில் பதவி விலகினார். கிழக்கு எல்லைப் பகுதியான அல்சாஸ் ஜெர்மனிக்கு விட்டுக்கொடுக்கப்பட்டபோது அதன் உறுப்பினர்களோடு அவையிலிருந்து வெளியேறி, ஸ்பெயினின் சான் செபஸ்தியானுக்குப் போய்விட்டார். பாரிஸ் கம்யூன் என்ற நகர மக்களின் புரட்சி ஆட்சி எழுந்து நசுக்கப்பட்டபோது அவர் அங்கில்லை. அவர் வாதாடிக் காப்பாற்ற முயன்ற டெலெக்ளூஸ் அந்த மே மாதம் தெருத்தடுப்பில் ஏறி நின்று உயிர்விட்டார். கம்பெத்தாவைப் பற்றிய எந்தக் கணக்கிலும் இந்தத் துயரம் இருக்க வேண்டும். 1880இல் கம்யூன் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு கேட்டு அவர் பேசியதை நான் இதோடு சேர்த்தே வாசிக்கிறேன்.

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன ஆண்டுகள் இதன் பிறகுதான் வருகின்றன. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

1871இல் தேர்ந்தெடுக்கப்பட்ட தேசிய அவையில் மன்னராட்சிக்காரர்களுக்கே பெரும்பான்மை. அவர்களுக்குள் இரண்டு முகாம்கள். ஒன்று பழைய போர்போன் வாரிசான ஷம்போர் கோமகனுக்கு, மற்றது ஓர்லியன் குடும்பத்துக்கு. ஷம்போர் மூவர்ணக் கொடியை ஏற்க மறுத்து வெள்ளைக் கொடியே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1873இல் கையெட்டும் தூரத்தில் இருந்த அரியணையை ஒரு கொடிக்காக இழந்தார். தூய்மையான கொள்கை வேண்டும் என்கிறீர்களே, ஷம்போரைவிடத் தூய்மையானவர் அந்தக் காலத்தில் யார்? அவருடைய தூய்மைக்கு நான் மரியாதை செய்கிறேன். பிரான்ஸுக்கு மன்னர் வராமல் போனதற்கு அதுதான் பெரிய காரணம்.

அரசர் கிடைக்காததால், கிடைக்கும்வரை நாற்காலியைக் காக்கட்டும் என்று மார்ஷல் மக்மஹோனை ஏழு ஆண்டுகளுக்குக் குடியரசுத் தலைவராக்கினார்கள். ஆட்சிக்குப் பெயர் குடியரசு, உள்ளே இருந்தவர்களுக்குக் குடியரசு வேண்டாம். இந்த அவைக்கு அரசியல் சட்டம் எழுதும் உரிமையே கிடையாது, கலைத்துவிட்டுத் தேர்தல் நடத்துங்கள் என்று 1871 ஆகஸ்டில் முழங்கியவர் கம்பெத்தா. மன்னர்களிடம் அரசியல் சட்டம் வாங்கிக்கொள்வதா என்று இடதுசாரி நண்பர்கள் கேட்டபோது, நேற்றுவரை அதையே கேட்டவர் அவர்தான். அதை நானும் மறைக்கப் போவதில்லை.

1875 ஜனவரி 29. குடியரசு என்று வெளிப்படையாக எழுதும் லாபுலேயின் திருத்தம் தோற்றது. மறுநாள் வாலோன் என்ற அமைதியான கல்வியாளர் வேறொரு திருத்தம் கொண்டுவந்தார். குடியரசுத் தலைவரை இரு அவைகளும் சேர்ந்து ஏழு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கும், அவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம், அவ்வளவுதான். அப்படியானால் மக்மஹோனுக்குப் பிறகும் ஒருவர் வருவார், அவருக்குப் பிறகு இன்னொருவர். மன்னருக்காகப் போட்டுவைத்த நாற்காலி ஆட்சிமுறையாகவே மாறிவிடும். 353க்கு 352. ஒரே ஒரு வாக்கு.

அந்த ஒரு வாக்கைப் பற்றி எல்லாரும் கதை சொல்வார்கள். இருபக்கமும் பேச்சாளர்கள் துடித்துக்கொண்டிருந்த அந்த வாரங்களில் இடதுசாரி வரிசைகள் எப்படி அமைதி காத்தன என்பதை யாரும் சொல்வதில்லை. ஐரோப்பாவிலேயே பெரிய குரல் என்று பெயரெடுத்த கம்பெத்தா, நடுநிலை மன்னராட்சிக்காரர்கள் மிரண்டு ஓடிவிடக்கூடாது என்பதற்காகப் பெரும்பாலும் வாய்மூடி உட்கார்ந்திருந்தார். தன் ஆட்களையும் உட்காரவைத்தார். ஒருவர் எழுந்து, மன்னரின் தலையை வெட்டிய 1793ஆம் ஆண்டின் பெயரைக் கத்தினாலும் அந்த ஒரு வாக்கு போய்விடும். உங்களுக்குப் பிடித்த பொதேன் வாதத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் வாசியுங்கள், அம்மா. எனக்கு இந்த மௌனம்தான் பெரியது. அந்தக் குரல் அவருக்கு இயல்பாக வந்தது. பேசாமல் இருக்க அவர் தன்னோடு போராட வேண்டியிருந்தது.

பிறகு மேலவை. இங்கேதான் உங்கள் குற்றச்சாட்டின் வேர் இருக்கிறது. பிப்ரவரி 11 அன்று, மேலவையையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற துப்ராவின் திருத்தம் 322க்கு 310 என்று வென்றேவிட்டது. கொள்கைக்காரர்கள் வென்ற நாள் அது. மார்ஷல் இதை ஏற்கமாட்டார் என்று அரசு அறிவித்தது. மறுநாளே மசோதா முழுவதும் கவிழ்ந்தது. ஒரு நாள் முழு வெற்றி, மறுநாள் கையில் ஒன்றுமில்லை. கம்பெத்தாவும் அன்று அவையில் சீறினார், அவரும் மனிதர்தானே. ஆனால் சீற்றம் அடங்கியதும் மேசைக்குத் திரும்பினார். அடுத்த சில நாட்களில் வந்த சமரசம் இதுதான். மேலவையில் 300 பேர். 75 பேர் ஆயுட்கால உறுப்பினர்கள், அவர்களை அவையே தேர்ந்தெடுக்கும். 225 பேரை மாவட்ட அளவிலான தேர்வுக்குழுக்கள் தேர்ந்தெடுக்கும். அந்தக் குழுக்களில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி, ஊர் பெரியதோ சிறியதோ ஒன்றுதான். பாரிஸுக்கும் ஒன்று, நூறு வீடுகள் உள்ள மலைக்கிராமத்துக்கும் ஒன்று. நகரத்துத் தொழிலாளியை அடக்கிவைக்கப் பாதிரியாரையும் பண்ணையாரையும் நம்பிக் கட்டிய கோட்டை அது. அதைக் கட்டியவர்கள் அதை மறைக்கவும் இல்லை. லூயி பிளாங் போன்ற பழைய போராளிகள் முகம் திருப்பிக்கொண்டார்கள். பிப்ரவரி 25 அன்று 425க்கு 254 என்று அரசியல் சட்டம் நிறைவேறியது. கம்பெத்தாவின் வாக்கு அந்த 425இல் இருந்தது.

ஏப்ரலில் அவர் செய்ததை நீங்கள் படித்த கட்டுரை சொல்லியிருக்காது என்று நினைக்கிறேன். நேராகப் பெல்வில் தொழிலாளர்களிடமே போனார். 1869இல் தன்னிடம் பட்டியல் கொடுத்த அதே மக்கள். அவர்களிடம் மேலவையை மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அதைப் பிரெஞ்சு ஊராட்சிகளின் பெரிய மன்றம் என்று வருணித்தார். முப்பத்தாறாயிரம் ஊராட்சிகளும் தங்கள் பிரதிநிதியை அனுப்பும்போது, ஒவ்வோர் ஊரிலும் மன்றத் தேர்தல் நாட்டின் அரசியலைப் பற்றிய தேர்தலாக மாறும் என்றார். உள்ளூர் மருத்துவர், பள்ளி ஆசிரியர், சிறு வியாபாரி, நிலம் வைத்திருக்கும் குடியானவர். 1872இல் கிரெனோபிளில் பேசியபோது இந்தப் புதிய சமூக அடுக்குகள்தான் இனி அரசியலுக்கு வரப்போகின்றன என்று சொன்னவர் அவர். அப்போது வலதுசாரிகள் பதறினார்கள். இப்போது அந்த அடுக்குகள் ஏறி வருவதற்கு வலதுசாரிகளே படி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டவர் அவர்தான்.

ஒரு வழக்கறிஞர் இதைப் பார்த்து ஏன் துள்ளிக் குதிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. எதிர்த்தரப்பு தன்னைப் பாதுகாக்க எழுதிவைத்த ஷரத்தை எடுத்து, அதே ஷரத்தின் மேல் தன் வழக்கைக் கட்டுவது உங்கள் தொழிலின் உச்சம் அல்லவா? அது தரகு என்றால் தரகுக்கு வேறு பொருள் சொல்லுங்கள்.

அந்த டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. 75 ஆயுட்கால இடங்களையும் ஓர்லியன்காரர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளக் காத்திருந்தார்கள். ஓர்லியன்காரர்களைக் குடியரசுக்காரர்களைவிட அதிகமாக வெறுத்தவர்கள் ஷம்போரின் ஆட்கள். அவர்களில் லா ரோஷெத் தலைமையிலான ஒரு சிறு குழுவோடு இடதுசாரிகள் உடன்பாடு செய்தார்கள். உங்களுக்குச் சில இடங்கள், எங்களுக்கு மற்றவை. பெரும்பான்மை ஆயுட்கால இடங்கள் குடியரசுக்காரர்களுக்குப் போயின. இதை நான் அழகு என்று சொல்லவில்லை. இதில் பேரம் இருந்தது, பழிவாங்கும் வெறியைப் பயன்படுத்திக்கொண்டதும் இருந்தது. வேண்டுமானால் இதை வைத்துக் கம்பெத்தாவைக் கண்டியுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

விளைவைப் பாருங்கள். 1876 தேர்தலில் கீழவை குடியரசுக்காரர்கள் கைக்கு வந்தது. 1877 மே 16 அன்று மக்மஹோன், பெரும்பான்மை பெற்ற பிரதமர் ழூல் சிமோனைக் கடிதம் எழுதி விலகவைத்தார். 363 உறுப்பினர்கள் ஒரே வரிசையில் நின்று எதிர்த்தார்கள். மேலவையின் ஒப்புதலோடு கீழவையைக் கலைத்தார்கள். அந்தக் கோடையில் உள்துறை அமைச்சர் ஃபூர்து மாவட்ட ஆட்சியர்களைக் கூட்டங்கூட்டமாக மாற்றினார், பத்திரிகைகள் மீது வழக்குகள் குவித்தார், அரசியல் பேசிய காபிக் கடைகளை மூடவைத்தார். ஆகஸ்ட் 15 அன்று லீலில் கம்பெத்தா பேசினார். நாடு தன் தீர்ப்பைச் சொன்ன பிறகு மார்ஷல் பணிய வேண்டும், இல்லாவிட்டால் விலக வேண்டும் என்றார். அதற்காக மூன்று மாதச் சிறையும் 2,000 பிராங்க் அபராதமும் விதித்தார்கள். சிறைக்கு அவர் போகவில்லை, தேர்தல் வந்துவிட்டது. குடியரசுக்காரர்களுக்குச் சில இடங்கள் குறைந்தன, பெரும்பான்மை குலையவில்லை. மார்ஷல் பணிந்தார்.

ஆனால் கோட்டை இன்னும் நின்றது. மேலவை மன்னராட்சிக்காரர்களிடம்தான் இருந்தது. 1878 தொடக்கத்தில் உள்ளூர் மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. ஊர் ஊராகக் குடியரசுக்காரர்கள் வென்றார்கள். அந்த மன்றங்கள் பிரதிநிதிகளை அனுப்பின. 1879 ஜனவரியில் மேலவையின் மூன்றிலொரு பங்கு புதுப்பிக்கப்பட்டபோது, கிராமங்களை நம்பிக் கட்டிய அந்தக் கோட்டை கிராமங்களின் வாக்கால் குடியரசின் கைக்கு வந்தது. ஜனவரி 30 அன்று மக்மஹோன் பதவி விலகினார். வாலோன் திருத்தம் ஒரு வாக்கில் வென்ற அதே தேதி. துப்பாக்கி வெடிக்கவில்லை, யாரும் நாடு கடத்தப்படவில்லை. 1789க்குப் பிறகு அந்த நாட்டில் எந்த ஆட்சிமுறையும் இருபது ஆண்டுகள் தாண்டியதில்லை. விலைபோனவர்கள் கைதூக்கிய இந்தச் சட்டம் 1940 வரை நின்றது. அமைச்சர் ஃபெரியின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டங்கள் 1881லும் 1882லும் வந்தது இதன் மேல் நின்றுதான். மதமும் அரசும் 1905இல் பிரிந்தன. பெல்வில் பட்டியலில் எது வந்தது, எது தாமதமாக வந்தது, எது வரவே இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். மொத்தமாகத் துரோகம் என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

அந்தக் குடியரசின் குறைகளையும் நான் மூடிமறைக்க மாட்டேன். அது நின்ற அறுபத்தைந்து ஆண்டுகளில் ஒரு பெண்ணுக்கும் தேசியத் தேர்தலில் வாக்குரிமை கொடுக்கவில்லை. அது 1944இல்தான் வந்தது. 1870 அக்டோபரில் க்ரெமியேவும் கம்பெத்தாவும் கையெழுத்திட்ட ஆணை அல்ஜீரிய யூதர்களைக் குடிமக்களாக்கியது, அங்கேயிருந்த முஸ்லிம் மக்களைக் குடியுரிமைக்கு வெளியே நிற்கவைத்தது. ஊராட்சிகளின் மன்றம் என்று அவர் புகழ்ந்த மேலவைதான் பின்னாளில் பெண்களின் வாக்குரிமையைத் திரும்பத் திரும்பத் தடுத்தது. கம்பெத்தாவிடம் கணக்குக் கேட்க வேண்டுமென்றால் இங்கே கேளுங்கள். சமரசத்தின்போது அறைக்குள் இல்லாதவர்கள்தான் எப்போதும் அதிக விலை கொடுக்கிறார்கள். என் தந்தையின் ஒப்பந்தத்தில்கூட நூல் சுற்றிக்கொடுத்த பெண்களின் கூலியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என் அம்மா அவர்களில் ஒருவர்.

கடைசியாக, பிரதமர் பதவி. குடியரசுத் தலைவர் க்ரெவியும் ஒரு வழக்கறிஞர். கம்பெத்தாவைப் பிடிக்காதவர். 1881 நவம்பர்வரை அவரை அழைக்கவே இல்லை. அந்த ஆகஸ்டில் ஷரோனில் நடந்த கூட்டத்தில் கம்பெத்தாவின் சொந்தப் பகுதி மக்களே கூச்சலிட்டு அவரைப் பேசவிடவில்லை. அந்தக் காயத்தோடு பதவிக்கு வந்தார். ஃபெரி, ஃபிரெய்சினே போன்ற பெரிய பெயர்கள் அமைச்சரவையில் சேரவில்லை. வந்ததும், ஒற்றை உறுப்பினர் தொகுதிகளை ஒழித்து மாவட்டம் முழுவதற்கும் ஒரே பட்டியலாக வாக்களிக்கும் முறையை அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். யாரிடம்? சில மாதங்களுக்கு முன்புதான் அந்த ஒற்றைத் தொகுதிகளில் வென்று வந்த உறுப்பினர்களிடம். தங்கள் இருக்கையைத் தாங்களே இழுத்துப்போட அவர்கள் ஒப்பவில்லை. 1882 ஜனவரி 26 அன்று 268க்கு 218 என்று கவிழ்த்துவிட்டார்கள். பதினோரு வாரம்கூட ஆகவில்லை.

சமரசம் செய்து செய்து கடைசியில் வெறுமையாகிப் போனார் என்று நீங்கள் வாசித்திருக்கிறீர்கள். எனக்கு நேர்மாறாகத் தெரிகிறது. மேலவைக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தவர், பட்டியல் தேர்தலுக்காகக் காத்திருக்க மறுத்துவிட்டார். 1875இல் வாய்மூடி உட்கார்ந்திருந்த மனிதர் 1882இல் அவையைப் பார்த்து ஆணையிட்டார். அந்தத் தோல்வியில் பேரம் துளியும் இல்லை. பெல்வில் மேடையில் நின்ற பழைய இளைஞன் தவறான நேரத்தில் திரும்பி வந்துவிட்டான். பட்டியல் தேர்தல்முறை 1885இல் சட்டமானது. அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே, நாற்பத்து நான்கு வயதில், அவர் போய்விட்டார்.

அடுத்த கடிதம் எழுதுவதற்கு முன் 1875 பிப்ரவரி 11, 12 இரண்டு நாட்களையும் தேடி வாசியுங்கள். துப்ராவின் திருத்தத்துக்கு நீங்களும் கைதூக்கியிருப்பீர்கள், நானும் தூக்கியிருப்பேன். மறுநாள் மசோதா கவிழ்ந்து கிடக்கும்போது நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.